பாதிச்சடைப் பாட்டும் ஸ்டோர் சீலும்

நூல் மில்லுக்குப் போன் போட்ட நாகஜோதிக்கு, எதிர்முனையில் மணி அடிக்கிற சத்தத்துக்குப் பதிலாகத் தன் குரலே கேட்டது.

"மணி ஏழு அடிக்குமுன்னே வேனு வந்து நிக்குது,
மகளோட சடை பாதியில கைநழுவிப் போகுது..."

ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள். சந்தேகமே இல்லை. ‘கைநழுவி’ என்கிற இடத்தில் லேசாக மூச்சு வாங்குகிறதே, அது ஜலதோஷத்தோடு பாடிய அவளுடைய மூச்சுதான். மில்காரர் போனை எடுத்து, "சொல்லுங்க ஜோதியம்மா, முப்பதாம் நம்பர் நூலுதானுங்களே? நாளைக்கு ஏத்தி உட்டர்றமுங்க" என்றார்.

"நூலு கெடக்கட்டும்ங்க. இந்தப் பாட்டு எப்படி உங்க போன்ல?"

"காலர் ட்யூனுங்க. மாசாமாசம் காசு புடிச்சுக்கறாங்க. கேக்கறவங்கெல்லாம் நெம்ப நல்லாருக்குதுங்கறாங்க. யாரோ ஒரு அம்மா பாடுதுங்க."

யாரோ ஒரு அம்மா போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பொய் சொல்வானேன், முதலில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தன் குரல் ஊர்விட்டு ஊர் போய் மில்காரர் போனுக்குள் ஏறியிருக்கிறது என்றால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது? ஒரு நிமிஷம் கழித்துத்தான் மற்றது உறைத்தது. காசு புடிச்சுக்கறாங்க என்றாரே, யார் பிடிக்கிறார்கள்? அந்தப் பாட்டை யாரும் காசுக்கு விற்கக் கூடாது என்று அவள்தானே எழுதி வைத்திருக்கிறாள்?

இது 2009 செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. ஆயுத பூஜைக்குப் பத்து நாள் இருந்தது.

நாகஜோதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து கல்யாணமான ஆறாம் மாசம் புருஷன் ராக்கையாவோடு திருப்பூர் வந்து இறங்கியவள். ராக்கையா வேறொரு பனியன் கம்பெனியில் டெய்லர். இவள் பிளஸ் டூ படித்திருந்ததால், நூல் பிசிறு வெட்டுகிற வேலையில் ஆரம்பித்து, துணியில் ஓட்டை பார்க்கிற செக்கிங் டேபிளுக்குப் போய், ஏழாவது வருஷத்தில் ஸ்டோருக்கு வந்துவிட்டாள். ஊத்துக்குளி ரோட்டில் சென்னியப்பன் முதலாளி நடத்துகிற அந்த எக்ஸ்போர்ட் கம்பெனிக்குள் நூல், காலர், பட்டன், அட்டைப்பெட்டி என்று எது வந்தாலும் அவளைத் தாண்டித்தான் வர வேண்டும்.

சென்னியப்பன் ஒரு காலத்தில் சாயப்பட்டறைக்காரர் ஒருவரிடம் நன்றாக ஏமாந்தவர். அதற்குப் பிறகு இரண்டு சீல் செய்து வைத்தார். சரக்கு வந்து இறங்கியதும் டெலிவரி சலானில் வயலட் சீல். அதில், ‘வந்தது. எண்ணி, தரம் பார்த்த பின்பே ஏற்பு’ என்று இருக்கும். எண்ணி, எடை போட்டு, தரம் பார்த்து, எல்லாம் சரி என்றால்தான் பச்சை சீல். அதில் ‘ஏற்கப்பட்டது’ என்று ஒரே வார்த்தை. பச்சை விழாமல் அந்தக் கம்பெனியில் ஒரு பில் நகராது. இரண்டு சீலுக்கும் கீழே ‘நாகஜோதி, ஸ்டோர்’ என்று அவள் கையெழுத்து. எட்டு வருஷத்தில் அந்தக் கையெழுத்தைப் பார்த்து முதலாளி மறுகேள்வி கேட்டதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு. கீழே விழுந்த பட்டனைக்கூட எண்ணித்தான் எடுப்பாள் என்று செக்கிங் பெண்கள் கேலி செய்வார்கள், அவளும் அதைப் பெருமையாகவே வாங்கிக்கொள்வாள்.

யாருக்கும் தெரியாத ஒரு சமாச்சாரம் இருந்தது. வயலட் சீல் குத்துகிற தாளை அவள் படிப்பதே இல்லை. ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது சலான் வரும். வாசலில் வேன்காரன் ஹாரன் அடிப்பான், டெம்போக்காரன் ஊட்டுக்குப் போகணும் என்று பறப்பான். மூன்று தாளிலும் டப் டப் டப் என்று குத்தி, கையெழுத்துப் போட்டு, இரண்டைக் கொடுத்து அனுப்பிவிட்டு ரோஸ் தாளை ஆணியில் செருகிவிடுவாள். வந்தது என்பதற்குத்தானே வயலட், படிப்பதெல்லாம் பச்சைக்கு முன்னால் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு. எட்டு வருஷமாக அந்தக் கணக்கு ஒருநாளும் தப்பவில்லை.

பாட்டு வந்தது கம்பெனி வேனில். காலையில் முக்கால் மணி நேரம், சாயங்காலம் முக்கால் மணி நேரம், முப்பது பெண்கள். டிரைவர் போடுகிற சினிமாப் பாட்டு சலித்துப்போன ஒரு நாளில், அன்றைக்குக் காலையில் பாதி பின்னிய சடையோடு மகள் வேல்விழியை வாசலில் விட்டுவிட்டு வேனைப் பிடிக்க ஓடி வந்ததை இரண்டு வரியாகப் பாடினாள். பின்சீட்டில் ஒருத்தி அழுதாள். மறுநாள் நாலு வரி ஆனது, மாசக் கடைசியில் முழுப்பாட்டு. அடுத்து விரலில் ஊசி ஏறியவள் பாட்டு, கம்பெனி ஹாஸ்டலில் தங்கி வேலை செய்கிற பிள்ளை பாட்டு என்று எட்டு சேர்ந்துவிட்டன. மெட்டும் அவளுடையதுதான், வார்த்தையும் அவளுடையதுதான்.

ஈரோட்டில் ஓர் ஆடியோ கம்பெனிக்கு ஸ்டுடியோவும் இருந்தது. போய்க் கேட்டாள். சாமி பாட்டு இருந்தால் நாங்களே கேசட் போடுவோம், தையல் மெஷின் பாட்டை யாரும்மா வாங்குவாங்க என்றார்கள். அப்படியானால் என் காசில் பதிந்து கொடுங்கள், முந்நூறு சி.டி. போட்டுக் கொடுங்கள் என்றாள். 2008 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜலதோஷத்தோடு எட்டுப் பாட்டையும் பாடி, பதிந்த பாட்டை அன்றைக்கே ஒரு சி.டி.யில் கையோடு வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அதை என்ன செய்யலாம் என்று சொன்னவன் இளங்குமரன். கம்பெனியில் மெர்ச்சண்டைசர், பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையருக்கு மெயில் போடுகிற வேலை, மற்ற நேரமெல்லாம் இன்டர்நெட்டிலேயே குடியிருப்பவன்.

"அக்கா, கம்பெனிக்காரன் பின்னாடி அலைய வேண்டாமுங்க. கிரியேட்டிவ் காமன்ஸ்னு ஒரு லைசென்ஸ் இருக்குதுங்க. பாட்டு உங்களுதுதான், ஆனா இன்னின்ன மாதிரி யாரு வேணாலும் எடுத்துக்கலாம்னு நீங்களே முன்கூட்டியே சொல்லிடறது. ரெண்டே கேள்விதான். காசுக்கு விக்கலாமுங்களா?"

"விக்கக் கூடாது தம்பி. பாடுனவளுக பாட்டு அது."

"வார்த்தைய மாத்தலாமுங்களா?"

நாகஜோதி யோசித்தாள். ஹாஸ்டல் பிள்ளைகள் ஏற்கெனவே மாற்றித்தான் பாடிக்கொண்டிருந்தார்கள். "மாத்தட்டும். ஆனா என் பேரைச் சொல்லணும். மாத்துனவுகளும் இதே மாதிரி சும்மாதான் குடுக்கணும்."

"ஒருதடவ குடுத்துட்டா, வாங்கிக்கிட்டவங்ககிட்ட இருந்து நீங்களே நெனச்சாலும் திருப்பிப் புடுங்க முடியாதுங்க. பரவால்லீங்களா?"

அந்தக் கேள்விக்குத்தான் அவளுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. இருந்தாலும் சரி என்றாள். 2009 ஜனவரியில் எட்டுப் பாட்டும் இன்டர்நெட்டில் ஏறின. சி.டி. அட்டையிலும் தமிழில் மூன்று வரி அச்சடிக்கச் சொன்னாள். ‘பாடலாம், நகல் எடுக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம். காசுக்கு விற்கக் கூடாது. பாடியவள் பெயரை விடக் கூடாது.’

பஸ் ஸ்டாப்பில் கிட்டுசாமி செல்போன் கடை வைத்திருந்தார். ஐம்பது வயசு, தறிக்குடும்பம், தறியை விற்றுவிட்டு ரீசார்ஜுக்கு வந்தவர். பெண்கள் செல்போனைக் கொடுத்தால் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருவார். அட்டையிலிருந்த மூன்று வரியை அவருக்கு வாசித்துக்காட்டி, என் பாட்டுக்கு மட்டும் காசு வாங்கக் கூடாதுண்ணா என்று நாகஜோதி சொல்லியிருந்தாள். அவரும் வாங்கியதில்லை. ஓர் அட்டையில் ‘பாதிச்சடை இலவசம்’ என்று எழுதித் தொங்கவே விட்டிருந்தார். அப்படித்தான் பாட்டு சாமளாபுரம், குன்னத்தூர் என்று பரவியது.

வெள்ளிக்கிழமை காலர் ட்யூன் கேட்டாள் என்றேன் அல்லவா? திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு கிட்டுசாமியின் மனைவி தெய்வாத்தாள் கம்பெனி கேட்டில் வந்து நின்றாள். தலைமுடி கலைந்திருந்தது, கடைச்சாவி இன்னும் கையில் இருந்தது.

"ஏனம்மிணி, நீ சொன்ன பேச்சக் கேட்டுத்தான என்ர ஊட்டுக்காரரு அந்தப் பாட்ட ஏத்துனாரு? போலீசு வந்து கம்ப்யூட்டரத் தூக்கிட்டுப் போயிருச்சு, அவரையும் கூட்டிட்டுப் போயிருச்சு. திருட்டுப் பாட்டாமா! நாளைக்குக் கோர்ட்டாமா!"

நாகஜோதி தைரியத்தை விடவில்லை. "என் பாட்டுக்கா. நான் குடுத்தது. நான் வந்து சொன்னா விட்டுருவாக" என்றாள். சி.டி. அட்டையைப் பையில் போட்டுக்கொண்டாள். இளங்குமரன் லைசென்ஸை பிரிண்ட் எடுத்துக்கொண்டு கூடவே வந்தான்.

ஸ்டேஷனில் கிட்டுசாமி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அடிக்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை. செருப்பை மட்டும் கழற்றி பெஞ்சுக்கு அடியில் ஒழுங்காக வைத்திருந்தார். அவளைப் பார்த்ததும், "நீயெதுக்கு அம்மிணி வேலைய உட்டுட்டு வந்த? ஒண்ணும் இல்ல, பயப்படாத" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

எஸ்.ஐ. நாற்பது வயசுக்காரர், பொறுமையாகவே கேட்டார். சி.டி. அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பிரிண்டைப் பார்த்தார், அது இங்கிலீஷில் நாலு பக்கம் இருந்தது. "நெட்டுல போட்டா அது சட்டமாப்பா?" என்று இளங்குமரனைக் கேட்டார். இளங்குமரன் சட்டம்தான் என்று விளக்க ஆரம்பித்தான். அதற்குள் எதிர் நாற்காலியில் ஃபைலோடு இருந்தவர் தொண்டையைச் செருமினார். ஈரோட்டு ஆடியோ கம்பெனியின் ஆள். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத பேச்சு.

"நாங்க சும்மா வரலீங்க சார். இந்த எட்டுப் பாட்டும் எங்க கம்பெனி சொத்து, நாங்கதான் காலர் ட்யூனுக்குக் குடுத்திருக்கோம். அந்தம்மாவே எழுதிக் குடுத்திருக்காங்க. கையெழுத்து மட்டுமில்லீங்க, அவங்க கம்பெனி சீலே போட்டுக் குடுத்திருக்காங்க."

ஃபைலிலிருந்து ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்து மேஜையில் வைத்தார். மேலே பெரிய எழுத்தில் டெலிவரி சலான். ஆடியோ சி.டி., முந்நூறு. அதற்குக் கீழே பொடி எழுத்தில் இங்கிலீஷில் ஒன்பது வரி. அதற்கும் கீழே ஒரு சீல், அதற்குக் கீழே ‘நாகஜோதி, ஸ்டோர்’.

இளங்குமரன் அந்த ஒன்பது வரியையும் உதடு அசையப் படித்தான். படிக்கப் படிக்க அவன் முகம் மாறியது. பாட்டின் வார்த்தை, மெட்டு, பதிவு, எல்லா உரிமையும் ஆடியோ கம்பெனிக்குக் கொடுத்தாயிற்று, மேற்கண்டதை ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன் என்று அதில் இருந்தது.

நாகஜோதிக்கு அந்த நாள் அப்படியே ஞாபகம் வந்தது. மார்ச் மாசம், கன்டெய்னர் கிளம்புகிற நாள். வீட்டில் பகலில் ஆள் இருக்காது என்று சி.டி.யைக் கம்பெனிக்கே அனுப்பச் சொல்லியிருந்தாள். அட்டைப்பெட்டி ஒன்று வந்தது, கூடவே மூன்று தாள். பட்டன் பெட்டிக்கும் ஜிப் பெட்டிக்கும் நடுவில் டப் டப் டப். ஒரு வரி படிக்கவில்லை. பெட்டியைத் திறந்து தன் பாட்டை முகர்ந்து பார்க்கிற அவசரத்தில் இருந்தாள்.

எஸ்.ஐ. தாளை அவள் பக்கம் தள்ளினார். "இது உங்க கையெழுத்தாம்மா?"

தெய்வாத்தாள் அவள் முழங்கையைக் கிள்ளி, "இல்லைனு சொல்லிப்போடு அம்மிணி" என்று காதுக்குள் சொன்னாள்.

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. நாகஜோதியின் வாய்வரைக்கும் வந்தது. ஆனால் எட்டு வருஷமாக அந்தக் கையெழுத்தை வைத்துத்தான் அவள் தலைநிமிர்ந்து நடந்திருக்கிறாள், அதைத் தன்னுடையது இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. "என்னுதுதான் சார்" என்றாள். தெய்வாத்தாள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப நான் என்னம்மா பண்ண முடியும்?" என்றார் எஸ்.ஐ. "சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் பாக்கறேன். வேற ஏதாவது பேப்பர் இருந்தா கொண்டாங்க. இல்லைனா காலைல இவர கோர்ட்டுக்கு அனுப்பறதத் தவிர எனக்கு வேற வழியில்ல."

திரும்பி வருகிற வழியில், தன் பாட்டு போனது நாகஜோதிக்குப் பெரிதாகத் தெரியவில்லை. செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்த மனுஷன்தான் கண்ணில் நின்றார். அவள் பேச்சை நம்பி இலவசம் என்று அட்டை தொங்கவிட்டவர். நாளைக்கு அவர் பேரில் வழக்கு விழுந்தால் கடை போகும், பஸ் ஸ்டாப்பில் திருட்டுப்பாட்டு கிட்டுசாமி என்றே பேராகிவிடும். மணி ஒன்றரை. ஆறு மணிக்கு நாலரை மணி நேரம்தான் இருந்தது.

ஸ்டோருக்குள் போய் மார்ச் மாச ஃபைலை இழுத்துப் போட்டாள். ரோஸ் தாள்கள் ஆயிரத்துக்கு மேல் இருக்கும். அவசரத்தில் இரண்டு முறை கட்டு சரிந்து தரையில் பரவியது. சாப்பாட்டு மணி அடித்தது, சாப்பிடவில்லை. மூன்று மணிக்கு அந்தத் தாள் கிடைத்தது. ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, ஆறு மாசம் கழித்து, முதல் தடவையாக அதைப் படித்தாள். ஒன்பது வரியும் அப்படியேதான் இருந்தது. அவற்றுக்குக் கீழே வயலட் சீல், பளிச்சென்று. ‘வந்தது. எண்ணி, தரம் பார்த்த பின்பே ஏற்பு.’

அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி முன்பக்கம் பார்த்தாள். பச்சை சீல் எங்கேயும் இல்லை. சி.டி. தன் சொந்தச் சரக்கு என்பதால் எண்ணாமல் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள், பச்சை குத்த வேண்டிய அவசியமே வரவில்லை.

"தம்பி, நான் இத இன்னும் ஏத்துக்கிடவே இல்ல" என்றாள், பாதி அழுகையாக.

இளங்குமரன் பார்த்தான். "அக்கா, சரிங்க. ஆனா வயலட்டுன்னா ஏத்துக்கிட்டதில்லைனு நாம சொன்னா போலீஸ் கேக்குமுங்களா? மொதலாளி லெட்டர்பேடுல எழுதிக் குடுக்கோணுமுங்க."

முதலாளி. நாகஜோதி தன் சொந்தத் தாளில் கம்பெனி சீலைக் குத்தியிருக்கிறாள். அடுத்த வாரம் வெளிநாட்டு பையரின் ஆடிட் வருகிறது, ஸ்டோரில்தான் முதலில் கை வைப்பார்கள். இந்த நேரத்தில் போய் அந்த மனுஷனிடம் என்னவென்று சொல்வது? வேறு யாரிடமாவது வேறு எதையாவது சொல்லி ஒப்பேற்ற முடியுமா என்று பத்து நிமிஷம் ஸ்டோருக்குள்ளேயே நடந்தாள். ஒன்றும் தோன்றவில்லை. நாலு மணிக்கு ரோஸ் தாளை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

சென்னியப்பனுக்கு விஷயம் பாதி தெரிந்திருந்தது. "ஏனம்மிணி, ஸ்டேசனுக்குப் போயிருந்தியாமா?" என்றார். அவள் முழுசாகச் சொன்னாள், எதையும் விடவில்லை. அவர் ரோஸ் தாளை மேஜை விளக்குக்கு நேராகப் பிடித்து ஒன்பது வரியையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இதப் படிச்சயா?"

"இல்லைங்கய்யா."

"இது ஒண்ணுதான் படிக்கலையா?"

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். மாடிப்படி ஏறும்போதே தெரியும். "வயலட் சீலு எதையுமே படிச்சதில்லைங்கய்யா. வந்துச்சு, குத்துனேன். பச்சைக்குத்தான் படிப்பேன்."

"எட்டு வருசமா?"

"ஆமாங்கய்யா."

அவர் கோபப்பட்டுக் கத்தியிருந்தால் அவளுக்குப் பழக்கமான விஷயம், தாங்கிக்கொண்டிருப்பாள். அவரோ களைத்துப்போன குரலில் பேசினார். "உன்ர கையெழுத்த நம்பித்தான் நான் இந்த ஊர உட்டு வெளிய போயிட்டு வர்றேன் ஜோதி."

பிறகு இளங்குமரனைக் கூப்பிட்டு லெட்டரைச் சொல்லச் சொல்ல அடிக்க வைத்தார். எங்கள் கம்பெனியில் வயலட் சீல் என்பது பொருள் வந்து சேர்ந்ததற்கு மட்டுமே அடையாளம். பச்சை சீல் இல்லாத எந்தத் தாளிலும் எழுதியிருப்பதை நாங்களோ எங்கள் ஆட்களோ ஏற்றுக்கொண்டதாக ஆகாது. மேற்படி நாகஜோதி அந்தத் தாளைப் படிக்காமல் கையெழுத்திட்டதாக ஒப்புக்கொள்கிறார். பிரிண்ட் எடுத்து அவளிடம் நீட்டினார்.

"படி. நல்லாப் படிச்சுப்போட்டுச் சொல்லு. அந்தக் கடைசி வரி வேணுமா? அது வெளிய போச்சுன்னா நாலு பேரு பேசுவாங்க. உன்ன மட்டுமில்ல, என்னையுந்தான்."

நாகஜோதி இரண்டு தடவை படித்தாள். கடைசி வரி வந்தபோது இரண்டு தடவையும் கண் கூசியது. "இருக்கட்டுங்கய்யா. அது இல்லாட்டி அந்தாளு படிச்சுத்தான் போட்டாங்கன்னு நிப்பாரு. கிட்டுசாமியண்ணன் உள்ள கெடப்பாரு."

சென்னியப்பன் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, லெட்டரைக் கொடுக்காமல் இன்னொரு கையை நீட்டினார்.

"சீலு ரெண்டையும் வெச்சுட்டுப் போ. ஆடிட்டுக்கு முன்னால ஸ்டோருக்கு வேற ஆளப் போட்டாகோணும். நாளையிலிருந்து நீ செக்கிங் டேபிளுக்குப் போயிரு."

அவள் கீழே போய் இரண்டு சீலையும் எடுத்து வந்து மேஜையில் வைத்தாள். வயலட் சீலின் மரக்கைப்பிடி அவள் விரல் பட்ட இடத்தில் மட்டும் வழவழவென்று இருந்தது. முதலாளி மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை, அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஸ்டேஷனுக்குள் நுழைந்தார்கள். எஸ்.ஐ. லெட்டரைப் படித்தார், ரோஸ் தாளைப் பார்த்தார், பிறகு ஆடியோ கம்பெனி ஆளின் ஜெராக்ஸை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து மங்கிப்போன சீலை எழுத்துக் கூட்டினார்.

"எண்ணி, தரம் பார்த்த பின்பே ஏற்புன்னுல்ல போட்டிருக்கு?"

"அது சும்மா ஸ்டோர் சீலுங்க சார்."

"காலைல கம்பெனி சீலுன்னு நீங்கதான பெருமையாக் காட்டினீங்க? இப்ப சும்மாங்கறீங்க." எஸ்.ஐ. தாள்களை அடுக்கி அவரிடம் தள்ளினார். "பாட்டு யாருதுன்னு கோர்ட்டுல போய்ப் பேசிக்கங்க. அது தீராம இவரப் புடிச்சு வெக்க எனக்கு முகாந்திரம் இல்ல. யோவ், அந்தக் கம்ப்யூட்டர எடுத்துக் குடுங்கய்யா."

வெள்ளைச் சட்டைக்காரர் ஃபைலை மூடினார். போகிறபோது நாகஜோதியிடம், "வக்கீல் நோட்டீஸ் வருமுங்கம்மா. படிச்சுப் பாத்துட்டு கையெழுத்துப் போட்டு வாங்குங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அது அன்றைக்கு அவள் பட்ட அடியிலேயே பெரிய அடி.

கடைக்கு வந்து சேர்ந்ததும் கிட்டுசாமி தண்ணீர்கூடக் குடிக்காமல் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார். ஓடியது. பாட்டு எதுவும் இல்லை, எல்லாவற்றையும் அழித்திருந்தார்கள். தெய்வாத்தாள், "போனது போகட்டும், இனி பாட்டும் வேண்டாம் கீட்டும் வேண்டாம். ரீசார்ஜு மட்டும் பண்ணுங்க" என்றாள். அவள் சொல்வதில் தப்பே இல்லை என்று நாகஜோதிக்குப் பட்டது. அந்த நோட்டீஸ் வரத்தான் போகிறது. காலர் ட்யூனும் ஒலித்துக்கொண்டுதான் இருக்கப்போகிறது. இன்னொரு தடவை இந்த மனுஷனை மாட்டிவிட அவளுக்கு மனசில்லை.

"வேண்டாம்ணா. அக்கா சொல்றதுதான் சரி" என்றாள்.

கிட்டுசாமி தொங்கிக்கொண்டிருந்த அட்டையைப் பார்த்தார். ‘பாதிச்சடை இலவசம்.’ போலீஸ்காரர்கள் அதை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அந்த நேரத்துக்கு ஒரு கம்பெனி வேன் வந்து நின்று, இரண்டு பெண்கள் செல்போனை நீட்டிக்கொண்டு கடைக்கு வந்தார்கள். ஆயுத பூஜைக்கு எங்க கம்பெனியில போடணும், அந்தச் சடைப் பாட்டு இருக்கா என்று கேட்டாள் ஒருத்தி.

அவர் தெய்வாத்தாளைப் பார்க்காமல் நாகஜோதியைப் பார்த்தார். "சி.டி. வெச்சிருக்கியா அம்மிணி?"

"ஊட்ல இருக்குண்ணா. ஆனா..."

"கொண்டா. ஆனா இந்தவாட்டி வாய்ப்பேச்சு ஆகாது. எனக்கு எழுதிக் குடு."

பில் புத்தகத்திலிருந்து இரண்டு தாளைக் கிழித்து, நடுவில் கார்பன் வைத்து நீட்டினார். நாகஜோதி கடை மேஜையில் சாய்ந்து எழுதினாள். என் எட்டுப் பாட்டையும் கிட்டுசாமி அண்ணனும் அவரிடம் கேட்கிற யாரும் பாடலாம், நகல் எடுக்கலாம், கொடுக்கலாம். காசுக்கு விற்கக் கூடாது. என் பெயரை விடக் கூடாது. இதை நானே நினைத்தாலும் திரும்ப வாங்க முடியாது. எழுதியதை ஒரு தடவை படித்தாள். இன்னொரு தடவை விரலை வைத்துப் படித்தாள். கிட்டுசாமியும் வாங்கிச் சத்தமாகப் படித்தார். செல்போன் நீட்டிய பெண்கள் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தாள் திரும்பி வந்ததும் அவள் வலது கை தன்னாலே மேஜையில் சீலைத் தேடியது. அங்கே ரீசார்ஜ் கார்டுகள்தான் இருந்தன. கையை மடக்கிக்கொண்டு பேனாவை எடுத்தாள். நாகஜோதி என்று எழுதி, கமா போட்டு, வழக்கம்போல ‘ஸ்’ என்று ஆரம்பித்தாள். நிறுத்தினாள். அதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் செக்கிங் என்று எழுதினாள்.